வாய்க்குள்ளே படித்த பாடம்

இந்த ஊரில் விடிந்ததும் எல்லோரும் ஜன்னல் மறைப்பை ஏற்றுவார்கள், நான் இறக்குவேன். 'ரோலாடன்' என்று பெயர், நம் கடை ஷட்டரின் தம்பி. முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடித்து வரும் நர்ஸுக்குப் பகலில்தான் தூக்கம். கணவர் இன்னும் ஆதம்பாக்கத்தில் விசாவுக்குக் காத்திருக்கிறார். ஜெர்மனியில் நானும் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜெனியும் மட்டும். மதியம் அவள் பள்ளியிலிருந்து வருவதுகூட எனக்குக் கேட்காது.

போன வாரம் அவளுடைய வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டிருந்தார். "ஜெனி ஸேர் ரூயிக்," என்றார். ரொம்ப அமைதி என்று அர்த்தம். நம் ஊரில் பெண்ணைப் பற்றி டீச்சர் இப்படிச் சொன்னால் எந்த அம்மாவுக்குத்தான் உச்சி குளிராது? பல்லெல்லாம் தெரிய "டாங்கே" என்று நன்றி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மெதுவாக விளக்கினார். இங்கே கிட்டத்தட்டப் பாதி மதிப்பெண், வகுப்பில் கையுயர்த்திப் பேசுவதற்கு. ஜெனி எழுத்தில் கெட்டிக்காரி, பேச்சில் பூஜ்யம். இப்படியே போனால் கல்லூரிப் படிப்புக்குத் தயார்செய்யும் இந்தப் பள்ளியில் அவள் நீடிக்க முடியாது.

பத்தாம் வகுப்பில் நானும் இப்படித்தான். பட்டினப்பாக்கத்தில் எங்களுக்கு இருந்தது ஒற்றை அறை. அப்பா விடியுமுன் கடலுக்குப் போய் மதியம் திரும்பிப் படுப்பார். பள்ளிவிட்டு வந்து நான் புத்தகத்தைத் திறந்தாலே அம்மா அதட்டுவாள்: "இன்னாடி சத்தம்? நைனா தூங்கிக்கினு கீறாரு. வாய்க்குள்ளயே படி!" அப்படியே படித்தேன். மறுநாள் மயிலாப்பூர் பள்ளியில் எழுப்பி ஒப்பிக்கச் சொன்னால் தொண்டையிலிருந்து காற்றுதான் வரும். மந்தைவெளி மாலதிக்கு வீட்டில் தனி அறை, மாலையில் டியூஷன், கணீரென்று ஒப்பிப்பாள். "வீட்டுல புத்தகத்தைத் தொடறதே இல்லையா?" என்று டீச்சர் என்னை மெல்லக் கற்போர் வரிசையில் உட்காரவைத்தார். அப்பா தூங்குவார் டீச்சர் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜெனியைப் பிடித்துக்கொண்டேன். "கிளாஸ்ல ஏன்டி வாயைத் திறக்க மாட்டேங்கிற?"

"வீட்ல நீ எப்பவும் தூங்கிட்டிருப்பியேம்மா. பழகிடுச்சு," என்றாள். அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள்.

தனி அறை, மேசை, விளக்கு என்று எனக்குக் கிடைக்காததையெல்லாம் அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

"இனிமே நான் தூங்கினாலும் சத்தமா படி," என்றேன்.

மறுநாள் மதியம் சுவருக்கு அப்பால் அவள் குரல் எழுந்தது. முதலில் தயங்கி, பிறகு துணிந்து, முழுக்க ஜெர்மனில். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. நான் போய்ச்சேர முடியாத ஓர் ஊருக்கு என் பிள்ளை கிளம்பிவிட்டாள் என்று தோன்றியது. படுக்கையில் அநாதை மாதிரி இருந்தது. ஆனால் அவள் சத்தத்தில் நான் விழித்துக்கொண்டது தெரிந்தால் நிறுத்திவிடுவாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தூங்குகிறவளைப் போல மூச்சு விட்டபடி கிடந்தேன்.