எல்லாச் சோற்றுக்கும் ஒன்பது

மும்பையில் வாஷி பாலத்தின்மேல் ரயில் போகும்போது பாதித் தூக்கத்தில் இருப்பது என் வழக்கம். உப்பங்கழியின் சேறு, அலையாத்திப் புதர், தூரத்துப் புகைபோக்கி எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்து, எது தண்ணீர், எது வானம் என்று தெரியாமல் போகும் அந்தச் சில நிமிடங்களில்தான் என்னுடைய சிறந்த கட்டுரைகளை எழுதியிருக்கிறேன். ஸ்டேஷன் வந்ததும் மறந்துவிடும். வாசகர்கள் தப்பித்தார்கள்.

அன்று மழைக்கு முந்தைய வாரத்துச் சனிக்கிழமை. பக்கத்தில் என் மனைவி முழு விழிப்போடு உட்கார்ந்திருந்தாள். ஐரோலியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நெல்லைப் படிப்பது அவள் வேலை. படிப்பது என்றால் நிஜமாகவே படிப்பது. ஒரு நெல் எப்படி வேர் விட்டு, பூத்து, பால் பிடித்து, மணியாக வேண்டும் என்கிற சேதி முழுவதும் அதன் உடம்புக்குள் மரபணுக்களாக நான்கே எழுத்துகளில் எழுதியிருக்கிறதாம். நான் இருநூற்று நாற்பத்தேழை வைத்துக்கொண்டு திணறுகிறேன்.

வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் சேற்றிலிருந்து மீத்தேன் கிளம்பி வானத்தைச் சூடாக்குகிறது. தண்ணீர் தேங்காமலே நன்றாக விளைகிற ஒரு நெல்லை, அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து அவளுடைய குழு தேர்ந்தெடுத்திருந்தது. இதுவரை பணம் கொடுத்துவந்த நிதி நிறுவனம், அடுத்த கட்டத்துக்குக் கொடுப்பதற்குமுன் ஒன்றே ஒன்று கேட்டது: இதை மனிதர்கள் சாப்பிடுவார்களா? பதில் திருப்தியாக இல்லையென்றால் குழு கலையும். அவளைப் பருத்திப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

“பருத்திக்கு என்ன குறைச்சல்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வேக வச்சா வாசனை வராது” என்றாள்.

ருசி பார்ப்பதற்கு, வேளைக்கு வேளை சோறு சாப்பிடுகிறவர்கள் வேண்டியிருந்தது. ஆள் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அறிவியலுக்கு நான் ஆற்றிய ஒரே தொண்டு அதுதான். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிற பாயிடம் சொன்னேன். அவர் தன் சந்தில் பாதிப் பேரைச் சேர்த்துவிட்டார். மாட்டுங்காவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், எல்லோருக்கும் மாமா, தன் பங்குக்குக் கிங்ஸ் சர்க்கிள் நடைப்பயிற்சிக் கோஷ்டியை அழைத்துக்கொண்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டெம்போ டிராவலர் வேன் அவர்களை ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்தது. எல்லோரும் சலவைச் சட்டையில் இருந்தார்கள். பெண்களில் சிலர் பூ வைத்திருந்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

குளிரூட்டிய அறையில் வெள்ளை வெளிச்சம். ஒவ்வொருவர் முன்னாலும் மூடி போட்ட சிறு கிண்ணங்கள். கிண்ணத்துக்கு ஓர் எண், உள்ளே ஒரு கவளம் வெறும் சோறு. உப்பில்லை, குழம்பில்லை. சாப்பிட்டுவிட்டு ஒன்றிலிருந்து ஒன்பதுவரை மதிப்பெண் போட வேண்டும். ஒரு கிண்ணத்தில் புதிய நெல்லின் சோறு. இன்னொன்றில் வேண்டுமென்றே கெடுத்த சோறு: மட்கிய அரிசியைக் குழைய வேகவிட்டு ஆறப்போட்டது. நாக்குகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்கு. மற்றவை கடை அரிசி. நிதி நிறுவனத்திலிருந்து புனேக்கார அம்மாள் ஒருவர் வந்து, மூலையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

சோறு மெல்லும் சத்தம்கூட இல்லை. ஏதோ கனவில் நடக்கிற பந்தி மாதிரி இருந்தது. இலை இல்லை, பரிமாறுகிறவர் இல்லை, எல்லோரும் கண்ணை மூடி மூடித் திறந்தார்கள்.

மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றியதும் மனைவி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

“எல்லாத்துக்கும் ஒன்பது போட்டிருக்காங்க. கெட்டுப்போன சோத்துக்கும் ஒன்பது.”

“நல்லதுதானே?”

“கெட்டதும் நல்லதும் ஒண்ணுன்னா இதுல ஒண்ணுமே தெரியலன்னு அர்த்தம். அந்தம்மா பாத்துட்டு உக்காந்திருக்காங்க.” கொஞ்சம் நிறுத்தி, “ஏங்க, நீங்க இவங்கள எப்படிக் கூப்பிட்டீங்க?” என்றாள்.

“வீட்ல ஒரு ஆராய்ச்சி, அவசியம் வந்து ஒரு வாய் சாப்பிடணும்னு.”

அவள் கதவு வழியே உள்ளே இருந்த சலவைச் சட்டைகளையும் பூக்களையும் பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

நான் பாயை ஓரமாக அழைத்து, அந்தக் கெட்டுப்போன சோறு நிஜமாகவே பிடித்ததா என்று கேட்டேன்.

“அது நாறிப் போச்சுல்லா” என்றார் பாய் சாவதானமாக. “அதுக்காவ உங்க வூட்டம்மா கூப்புட்டு வச்சுச் சோறு போடுதாங்க, நாங்க போய் நாலு, அஞ்சுன்னு போட்டா நல்லாவா இருக்கும்? மார்க்கு விசயத்துல டென்சன் எடுக்காதீங்க அண்ணாச்சி. எல்லாம் வரும்போதே பேசித்தான் போட்டோம்.”

புனே அம்மாளுக்கு இதை நான் இந்தியில் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. தங்கள் வீட்டிலும் விருந்தாளி குறை சொல்லமாட்டார் என்று மட்டும் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மேகம் இறங்கி எதிர்க் கட்டடத்தின் மேல்மாடிகளைக் காணோம்.

அதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. சாம்பார், ரசம், பொரியல், தயிர் எல்லாம் மாட்டுங்கா மெஸ் ஒன்றிலிருந்து வரவழைத்திருந்தோம். சோறு மட்டும் சமையலறையிலேயே இருந்தது. சோதனைக்கு வடித்த புதிய நெல்லின் சோறு ஒரு பெரிய பாத்திரம் நிறைய மிச்சம். வீணாக்குவானேன் என்று அதையே பந்தியில் வைத்தார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. எல்லாமே மெஸ் சாப்பாடு என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். காசு கொடுத்து வாங்கிய சாப்பாடு. நாக்குகள் அவிழ்ந்தன.

“சாம்பார்ல புளியக் கொட்டிட்டான்” என்று மாமா ஆரம்பித்தார்.

“சோறு ஏ-ஒன்” என்றார் பாய், மூன்றாவது முறை வாங்கிக்கொண்டே. “கொழம்ப அப்பிடியே உறிஞ்சுது பாத்தீங்களா? மெஸ்ஸுக்காரன் அரிசி மாத்திட்டான்.”

“கொழம்புக்குச் சரி” என்றார் மாமா. “மோருக்குப் போட்டுண்டு பாரும். ஆறினதும் வெறைச்சுண்டு நிக்கறது. பிசைஞ்சா பிடி கொடுக்க மாட்டேங்கறது. இதை எவன் அரிசின்னு வித்தான்?”

புனே அம்மாள் நாற்காலியை மெதுவாக அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். என்னிடம் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டார். என் மனைவி தயிர்ப் பாத்திரத்தோடு மாமாவின் பின்னால் நின்றிருந்தாள். தன் மூன்று வருட உழைப்பை ஒருவர் தட்டில் வைத்து வசைபாடும்போது ஒரு முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை.

“எவ்ளோ ஆறினா மாமா?” என்றாள். “வெதுவெதுப்பா இருக்கறப்ப பரவாயில்லையா?”

விவரமாகப் பதில் சொல்லி முடித்த பிறகுதான் மாமாவுக்கு விஷயம் தெரிந்தது. கை தட்டிலேயே நின்றுவிட்டது. “முன்னாடியே சொல்லியிருந்தா நான் வாயத் தெறந்திருக்க மாட்டேனே.”

“அதான் மாமா” என்றாள் மனைவி, தயிர் ஊற்றிக்கொண்டே.

அதன்பிறகு உண்ட களைப்பு அந்த வளாகத்தின் மேல் இறங்கியது. பாய் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார். கிங்ஸ் சர்க்கிள் கோஷ்டி நடக்கவேயில்லை. நானும் எங்கோ ஒரு நாற்காலியில், நான்கு எழுத்துகளால் ஆன நீளமான, ஈரமான ஏதோ ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன், நன்றாகவும் இருந்தது.

மழை நன்றாகப் பிடித்த பிறகு, எங்கள் செம்பூர் வீட்டுக்கு ஒரு மாலை நிதி நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. அடுத்த கட்டத்துக்குப் பணம் உண்டு. கேட்டதைவிடக் குறைவு. ஆறினால் விறைக்கிற குணத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். ருசி பார்க்கும் ஆட்களை இனி வெளி நிறுவனம் ஒன்று கூலி கொடுத்துச் சேர்க்கும். கடைசி நிபந்தனையை மனைவி இரண்டு தடவை சொன்னாள்.

சில வாரங்கள் கழித்து அவளுடைய வலைக்கூடாரத்துக்குப் போனேன். மேலே குழாய்களிலிருந்து பனி மாதிரி தண்ணீர் தூவியது. கணுக்கால் உயரத்தில் வரிசை வரிசையாக நாற்று. அப்பால் நிற்பவர்கள் மங்கலாகத் தெரிந்தார்கள். மனைவி ஒரு நாற்றின் இலை நுனியைக் கிள்ளிச் சின்னக் குப்பியில் போட்டாள். அது இன்னும் பூக்கவில்லை, பால் பிடிக்கவில்லை. ஆனால் அதன் சோறு ஆறினால் மெத்தென்று இருக்குமா, விறைக்குமா என்பதை அந்தத் துணுக்கில் இருக்கும் எழுத்துகளை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாமாம். அறுவடைவரை காத்திருக்க வேண்டியதில்லை.

“அப்ப மாமா வேண்டாமா?” என்றேன்.

“அவர் சொன்னதத்தான் இதுக்குள்ள தேடிட்டிருக்கோம்” என்று அடுத்த நாற்றுக்கு நகர்ந்தாள். நான் குப்பித் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் போனேன்.