வேம்புவின் விரல்

இது கட்டின கதை இல்லை, கண்ணுகளா. நான் கையால் தொட்டது, காதால் கேட்டது. பயம் வந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1944, சித்திரை. விக்கிரமங்கலத்து அமிர்தலிங்கத்துக்கு இரண்டாம் தாரமாகப் போனேன். எனக்குப் பதினாறு வயது. மூத்தவள் சம்பூர்ணம் மாசி மாதம் ஒரு வளையல்காரனோடு ஓடிவிட்டாள் என்றார்கள். அவள் விட்டுப்போன பெண் குழந்தை வேம்புக்கு ஒன்றரை வயது.

அந்த வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பீர்கள். பேச்சு வராதே தவிர, சொன்னது புரியும். "காது எங்கே?" என்றால் காதைப் பிடிப்பாள். "கொண்டா" என்றால் கொண்டுவருவாள். ஒரு தடவைக்கு ஒரு வேலைதான். இரண்டு சேர்த்துச் சொன்னால் விழிப்பாள்.

அவள் என்னை அம்மாவாக நினைக்க வேண்டும். அந்த வீட்டில் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். "அம்மா எங்கே?" என்று கேட்டு, அவள் விரலைப் பிடித்து என் நெஞ்சில் வைப்பேன்.

அவள் விரலை உருவிக்கொள்வாள். மாட்டுக் கொட்டகையின் வடக்கு மூலையைக் காட்டுவாள்.

மூலையில் தரையை.

மாமியார் கலியம்மாள் பார்த்துவிட்டால் தொலைந்தது. அந்த விரலைப் பின்பக்கமாக வளைப்பாள்.

"பேச்சு வராத புள்ளைக்கு என்னாடி தெரியும்? சும்மா எதையாவது காட்டும். பெத்தவளாட்டம் கொஞ்சுறத நிறுத்து!"

வைகாசி பத்தாம் தேதி. மாமியாரும் என் வீட்டுக்காரரும் காணிக்கை நெல்லோடு விடியலிலேயே கல்லங்குறிச்சி கோயிலுக்கு வண்டி கட்டிப் போய்விட்டார்கள். நானும் வேம்பும்தான். சுவர்க் கடிகாரம் பகல் பன்னிரண்டு அடித்தது. வெயிலில் ஒரு காக்கை கூட இல்லை.

பன்னிரண்டு பத்து. வேம்பு கொட்டகை மூலையில் குப்புறக் கிடந்தாள். காது தரையில்.

"ம்," என்றாள்.

எழுந்து கை தட்டினாள். மறுபடி காதை வைத்தாள்... "ம்."

மூக்கைத் தொட்டாள்.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேறு யாரோ... ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவள் வீட்டுக்குள் ஓடினாள். நான் குடிக்கத் தண்ணீர் மொண்டு வைத்திருந்த டம்ளரை எடுத்து வந்தாள். என் சீரில் வந்த பித்தளை டம்ளர். என் பெயர் வெட்டியது. ஒரு சொட்டுச் சிந்தாமல் தூக்கி வந்தாள்.

பின்னாலேயே போனேன்.

டொக்.

தரைக்கு அடியில்.

டொக்... டொக்...

வேம்பு டம்ளரைத் தரையை நோக்கி நீட்டினாள். "ந்தா."

வண்டிக்குப் பூட்டாமல் விட்டுப்போன காளை கயிற்றை அறுத்துக்கொண்டு கத்தியது. ஒரு கணம்தான் திரும்பினேன்.

அவள் கை காலி.

தரையில் ஈரமே இல்லை.

மணி பன்னிரண்டு இருபது.

இருட்டும் நேரத்தில் மாமியார் வந்தாள். "எங்கடி டம்ளரு? அப்பன் வூட்டுக்குக் கடத்திட்டியா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. என்னை விறகுக் கட்டையால் அடித்தாள். பிறகு கரண்டியை அடுப்பில் காய்ச்சி வேம்புவின் விரலில் வைத்தாள்.

"இனிமே காட்டுவியா?"

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேம்பு அதற்கப்புறம் காட்டவே இல்லை. "அம்மா எங்கே?" என்றால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். அதையும் புரிந்துகொண்டாள், பாருங்கள்.

1946 ஐப்பசி. மாமியார் செத்து ஒரு வருஷம். அடைமழையில் கொட்டகையின் வடக்கு மூலை உள்வாங்கியது. அடியில் ஒரு நெல் குழி.

என் வீட்டுக்காரர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தாலுகா ஆபீஸ் ஆளுங்க வெள்ளைக்காரன் சண்டைக்குன்னு நெல்லு எடுக்க வந்துட்டாங்க. சம்பூர்ணம் குழிக்குள்ள நெல்லு அள்ளிக்கிட்டிருந்தா. ஆத்தா கல்லை இழுத்து மூடி, வைக்கோலப் போட்டுடுச்சு. வந்தவங்க சாப்பிட்டுட்டுத்தான் போனாங்க. உள்ளேருந்து தட்டினா... புள்ள தரையக் காட்டிக் காட்டி அழுதுச்சு. ஆத்துத்தண்ணிக்குப் போன அம்மாவத் தேடுதுன்னு அவங்ககிட்ட ஆத்தா சொல்லிச்சு."

"நீங்க?"

"எலை போட்டேன்."

"அப்புறமாச்சும் தெறந்தீங்களா?"

"சத்தம் நின்னுபோச்சு. தெறக்க பயம். அன்னிக்கே மேல மண்ணப் போட்டு மெழுவிட்டோம்."

குழியில் எட்டிப் பார்த்தேன். மக்கிய நெல்லின் மேல் எலும்புகள். விரல் எலும்புகளுக்குள் ஒரு பித்தளை டம்ளர்.

இறங்கி எடுத்தேன். சேற்றைத் துடைத்தேன்.

பூங்காவனம்.

என் பெயர். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே மூடிய குழி அது.

நிமிர்ந்தேன். மேலே நாலு வயது வேம்பு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால்.