செவுளைத் தூக்கிக் காட்டுன கை

ராயபுரத்துல மீன் விக்கிறவ நான். செவுளைத் தூக்கி உள்ள இருக்குற சிவப்பைக் காட்டாம யாருக்கும் மீன் கொடுத்ததில்ல. போன வருஷம் ஒருத்தரு செல்போனோட வந்து, "அக்கா, அப்டியே புடி, சோக்கா கீது"ன்னு போட்டோ எடுத்துகினு போனாரு. நானும் சிரிச்சுகினே புடிச்சேன்.

அப்புறம் எங்கிட்ட மட்டுமே வாங்குற டீச்சரம்மா வரவே இல்ல. பஸ் ஸ்டாப்புல பாத்தப்போ, "இன்னா டீச்சரம்மா, மறந்துட்டீங்களா?"ன்னு கேட்டேன்.

"ஆன்லைன்ல மீன் வாங்க எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. இந்த ஆப்பைப் பாரு, தொறந்ததுமே செவுளைக் காட்டுறான். கீழயே ஆர்டர் பட்டன். நம்பிக்கை வந்துடுச்சு"ன்னு போனை நீட்டினாங்க.

திரை முழுக்க வஞ்சிரம். அதைப் புடிச்சிருந்த மணிக்கட்டுல பச்சை குத்துன சிலுவை. என் கைதான். முகத்தை வெட்டி எறிஞ்சுட்டான்.

"அந்தக் கையைப் பாத்தாலே வாங்கத் தோணுது"ன்னாங்க. இத்தினி வருஷமா அதே கையிலதான் மீன் வாங்கினாங்க, அடையாளம் தெரியல. கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கினேன்.

இப்பவும் யாராவது வந்து நின்னா செவுளைத் தூக்கத்தான் செய்றேன். ஆனா கை கூசுது. எதிர்க்கடை போட்டுகினு என் பொழப்பைக் கெடுக்குறது இந்தக் கைதானே.