மூடிக்குச் சேராத உறை

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம் அது. உளுந்தூர்பேட்டை தாண்டியதும் ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். எங்கள் பஸ் அங்கேயே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பிறந்த குழந்தை தங்கவில்லை. எப்போது வழி விடுவார்கள் என்று கேட்க வீட்டுக்காரர் இறங்கிப் போனார்.

எனக்கு அழுகை வரவில்லை. பிரசவத்துக்கு முன்னால் ஊறுகாய் பாட்டில் மூடிக்கு உறை பின்ன ஆரம்பித்திருந்தேன். பையிலிருந்து குரோஷா ஊசியை எடுத்துப் பின்னினேன். கை மட்டும் ஓடியது.

பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, பால் கசிந்து நனைந்த என் ரவிக்கையைப் பார்த்தார்.

“புள்ளய வூட்ல வுட்டுட்டு வந்துட்டியாம்மா? இன்னா, குல்லாவா பின்னிக்கினு இருக்க? தலைக்குப் பத்தாது. இன்னும் நாலு சுத்து போடு.”

“சரிங்க” என்றேன். போட்டேன்.

அவர் தன் கையை மடக்கி, முஷ்டியில் அதை மாட்டி அளவு பார்த்தார். “கழுத்து நிக்காத கொழந்தைக்கு இது போதும்.”

மரத்தை இழுத்துப் போட்டு வழி விடும்வரை, அந்த பஸ்ஸில் எனக்கு ஒரு குழந்தை இருந்தது.

அந்த உறை எங்கள் வீட்டில் எந்த மூடிக்கும் சேரவில்லை. கடைசி முடிச்சு போடாததால், நுனியை இழுத்தால் முழுதும் பிரிந்துவிடும். இன்றுவரை முடிச்சும் போடவில்லை, இழுக்கவும் இல்லை.