பப்பாசிப் பால் ஊசி

1985 ஆவணியில், மடு மாதா திருநாள் முடிந்த மறுநாள், தோமஸ் பேசாலைக் கரையிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகேறினான். கையில் ஒரு பை. நெஞ்சோடு அணைத்தபடி, அண்ணன் யாகப்பரின் முதுகை எடுத்த எக்ஸ்ரே படம்.

கரைவலைக் கயிற்றை இடுப்பில் கொளுவிப் பின்னோக்கி நடந்தே யாகப்பரின் பாதி ஆயுள் போயிருந்தது. முள்ளந்தண்டுத் தட்டு தேய்ந்து பிதுங்கிவிட்டது என்றார் டொக்டர். வெட்டவேண்டும் என்றதும் யாகப்பர் எழுந்து வந்துவிட்டார்.

"வெட்டுத் தேவையில்லை அண்ணை," என்றிருந்தான் தோமஸ். "மெட்ராசிலை புது ஊசி வந்திருக்காம். பப்பாசிப் பாலிலை செய்த மருந்து. இறைச்சி அவியப் பப்பாசிக்காய் போடுறமெல்லே, அதுமாதிரிப் பிதுங்கினதைக் கரைச்சுப்போடும். படத்தைக் காட்டி நாள் எடுத்துப்போட்டு உங்களுக்குப் படகு அனுப்புறன்."

"பப்பாசிப் பால் எங்கடை கிணத்தடியிலையே வடியுது," என்றாள் யாகப்பரின் மனைவி பிரான்சிஸ்கா. "ஊசியை மட்டும் அனுப்பிவிடு தம்பி."

யாகப்பர்தான் அதிகம் சிரித்தார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது.

வலை கரையேறும்போது கயிற்றில் கைவைத்திருப்பவனுக்கே மீனில் பங்கு. அதனால் நோவோடும் போய்க் கடைசி ஆளாக நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வார்; இழுக்கமாட்டார். மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அந்தோனிமுத்து மட்டும் விடமாட்டான்.

"மச்சான் கயித்தைத் தாலாட்டுறார்!"

"படகு வரட்டும், பிறகு பாரடா."

திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன பிரான்சிஸ்காவுக்கும் அதே பதில்தான். வலது கால் விறைக்கத் தொடங்கிய பிறகும்.

87இல் மண்டபம் அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய இரத்தினம்தான் விஷயத்தை உடைத்தான். "தோமஸ் சுவிசிலை அண்ணை. ஆமி அடிச்சு முறிச்ச முதுகெண்டு உங்கடை படத்தைக் காட்டித்தான் அங்கை அகதியா இருக்கிறானாம். அவன்ரை கூட்டாளி சொன்னவன்."

"மெட்ராசிலை டொக்டருக்குக் காட்டினவனோ?"

"இல்லை."

ஆமி இரண்டு தடவை பிடித்துவைத்தும் யாகப்பரை ஒரு அடிகூட அடித்ததில்லை. வலை இழுத்துத் தேய்ந்த முதுகை யாரோ அடித்த முதுகாக்கி, அதையும் தம்பி தன்னுடையது என்றுவிட்டான். பிரான்சிஸ்கா வாய்க்கு வந்தபடி திட்டினாள். மறுநாள் யாகப்பர் கரைக்குப் போகவில்லை. பிறகும் போகவேயில்லை.

1994இல், கொழும்பிலிருந்து வந்த சுவாமியார் தோமஸ் பேசி அனுப்பிய ஒரு கசெற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். யாகப்பர் படுத்தபடியே கேட்டார்.

"அண்ணை, எனக்கும் முதுகு போட்டுது. ஹோட்டலிலை சட்டி பானை தூக்கினது. அந்த ஊசியை இஞ்சை போட்டவங்கள், இப்ப நல்ல சுகம். குடும்பத்திலை வேறை ஆருக்கும் இந்த வருத்தம் இருக்கோ எண்டு டொக்டர் கேட்டவர். உங்களைச் சொன்னால் பழைய கதையெல்லாம் கிளறுவாங்கள். எனக்குச் சகோதரமே இல்லையெண்டு சொல்லிப்போட்டன். கோவிக்காதேங்கோ."