சேவலின் தொண்டை

அந்த சினிமா நிருபருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் சேவல். விடியற்காலையில் எழுகிறவர் என்பதால் அல்ல. விழா நாட்களைத் தவிர மற்ற நாட்களில் அவரை ஒன்பது மணிக்கு முன்னால் எழுப்ப இடி விழ வேண்டும். பெயருக்குக் காரணம் அவர் குரல். சிவப்புக் கம்பளத்தின் ஓரத்தில் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால், அந்தப் பக்கம் நடக்கிறவர் எப்பேர்ப்பட்ட நட்சத்திரமானாலும் திரும்பிவிடுவார். திரும்பிய முகம்தான் படம். திரும்பாத முகம் வெறும் காது.

எல்லோரும்தான் கத்துகிறார்கள். சார் இங்கே, மேடம் இங்கே என்ற சந்தைக் கூச்சலில் யார் காது கொடுப்பார்கள்? சேவல் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார். முதல் படத்தில் ஒரே காட்சியில் தபால்காரராக வந்து போன நாயகனை "தபால்காரரே" என்பார். நாயகியிடம் அவள் வீட்டு நாய் ஜிம்மியை விசாரிப்பார். இதை எல்லாம் ஒருத்தன் ஞாபகம் வைத்திருக்கிறானே என்று அவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பும்போது, வரிசையில் நிற்கும் அத்தனை காமிராவுக்கும் தீனி கிடைக்கும். அதனால் சேவல் வாய் திறக்கும்வரை மற்ற பத்திரிகைக்காரர்களும் விரலை அழுத்தாமல் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது.

திரைப்பட விழா என்றால் மனிதருக்கு உயிர். காலையில் முதல் காட்சிக்குப் போய் உட்காருவார். நடுவில் ஒரு பன்னைத் தின்றுவிட்டு அடுத்த அரங்குக்கு ஓடுவார். விழாக்களில் கழுத்தில் மாட்டிய அடையாள அட்டைகளை எல்லாம் படுக்கையறைக் கதவு ஆணியில் தொங்கவிட்டதில், இப்போது அந்தக் கதவைச் சாத்தவே முடிவதில்லை. அடுத்த பிறவியில் அவர் கம்பளமாகவே பிறப்பார் என்பது மனைவியின் கணிப்பு. அவள் கேலியாகத்தான் சொன்னாள். அவருக்கோ அடுத்த பிறவிவரை பொறுமை இல்லை. கயிற்றைத் தாண்டி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அதன் மேல் நடக்க வேண்டும். செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் அவருக்குக் கொடுத்து வைத்தது.

காமிராக்காரன் அவருக்கு வலது கை. சேவல் கூவுவார், அவன் எடுப்பான். லென்ஸ் மூடியை எங்காவது தொலைத்துவிடுவது அவன் பிறவிக் குணம், "மூடி எங்கடா?" என்று கேட்காமல் அவர்கள் ஒரு விழாவிலிருந்தும் கிளம்பியதில்லை. ஆனால் சேவலுக்கான தொண்டை மாத்திரையை மட்டும் அவன் தொலைத்ததே கிடையாது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அவர் கூவி முடித்ததும் கேட்காமலே ஒன்றை எடுத்து நீட்டுவான்.

ஒருநாள் ஒரு இயக்குநர் அலுவலகத்துக்கு வந்தார். புதுப் படத்தில் பத்திரிகைக்காரன் வேடத்துக்கு நிஜமான ஆள் ஒருவர் வேண்டுமாம். சேவல் எழுந்து நின்றார். நைசாகத் தலையைக்கூட வாரிக்கொண்டார். இயக்குநரின் பார்வை அவரைத் தாண்டிப் போய், ஜன்னலோரம் உட்கார்ந்து மூடியைத் தேடிக்கொண்டிருந்தவன் மேல் நின்றது. இலவு காத்த கிளி என்று படித்திருக்கிறோம். இங்கே பழம் பழுத்துத்தான் இருந்தது, பக்கத்து மரத்துக் காக்கை கொத்திக்கொண்டு போய்விட்டது.

படமும் முடிந்தது. அந்த வருட விழாவின் தொடக்கப் படமாகவும் அதையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். படத்தில் நடித்தவர்கள் எல்லோரும் கம்பளத்தில் நடப்பார்கள் என்று செய்தி வந்த அன்று சேவலுக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு எரிகிறதா என்று மனைவி நேராகவே கேட்டாள். அஜீரணம் என்றார். அவளும் சோடா வாங்கிக் கொடுத்தாள், உதட்டோரச் சிரிப்போடு.

விழாவுக்கு முந்தின நாள் காமிராக்காரன் வந்தான்.

"அண்ணே, நாளைக்கு நான் வரும்போது ஒரு சத்தம் குடுங்க. அங்க என்னை யாருக்குத் தெரியும்? ஊரையே படம் எடுத்தேன், என் படம் ஒண்ணுகூட பேப்பர்ல வந்ததில்ல. என் பொண்ணு அதப் பாக்கணும்னு உக்காந்திருக்கா."

"குடுக்காம இருப்பேனாடா?" என்றார் சேவல்.

சொன்னது பொய்யில்லை. மறுநாள் குளிக்கும்போது ஒத்திகையே பார்த்தார். "மூடி எங்கடா?" என்று ஒரு அதட்டல். திரும்புவான், சிரிப்பான், எல்லோரும் எடுப்பார்கள்.

மாலையில் கம்பளத்தின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை உருவினார்கள். புதுக் கம்பளத்தின் பசை வாசனை எழுந்தது. காரிலிருந்து காமிராக்காரன் இறங்கினான். வாடகைக் கோட்டுதான், ஆனால் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அதுதான் சேவலுக்குத் தாங்கவில்லை. தொளதொளவென்று இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பார். அந்தக் கால்கள், நேற்றுவரை அவர் பக்கத்தில் கால்மாற்றி நின்ற கால்கள், அந்தச் சிவப்பில் அமுங்கி அமுங்கி நடந்தன.

யார் இவன் என்று காமிராக்கள் சேவலின் வாயைப் பார்த்தன. சேவல் வாயை இறுக மூடிக்கொண்டார். காமிராக்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

காமிராக்காரன் நடை தளர்ந்து, கயிற்றருகே வந்து நின்றான். முகத்தில் கோபம் இல்லை, பதற்றம் இருந்தது.

"என்னண்ணே, தொண்டை கட்டிக்கிச்சா?"

ஆமாம் என்று சேவல் தலையாட்டினார்.

கோட்டின் உள்பையில் கைவிட்டு அவன் ஒரு மாத்திரையை எடுத்தான். கல்யாண மாப்பிள்ளை போல உடுத்திக்கொண்டு வந்தவன், அதையும் மறக்காமல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கயிற்றுக்கு மேலாக அவர் கையில் வைத்தான்.

"பேசாதீங்கண்ணே. வாயில போட்டுக்குங்க. என் படம் கெடக்கு."

சொல்லிவிட்டு அரங்கின் வாசலை நோக்கி நடந்தான். சேவல் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார். கூப்பிடு, இப்போதாவது கூப்பிடு என்று மனம் அடித்துக்கொண்டது. பொறாமை நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதற்குள் அடுத்த கார் வந்து நின்றது. கதவு திறந்து நாயகி இறங்கினாள். காமிராக்கள் எழுந்தன. இத்தனை வருடப் பழக்கம் அவரைக் கேட்டுக்கொண்டா செய்யும்?

"மேடம், ஜிம்மி சாப்ட்டுச்சா?"

குரல் மணி போல ஒலித்தது. ஒரு பிசிறு இல்லை. நாயகி கலகலவென்று சிரித்துக்கொண்டு திரும்பினாள். வெளிச்சம் மாறி மாறி வெட்டியது.

வாசல் கதவில் கை வைத்திருந்த காமிராக்காரனும் திரும்பினான். நாயகியைப் பார்க்கவில்லை, சேவலைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மாத்திரை வாயில் இன்னும் பாதிகூடக் கரையவில்லை.