கஞ்சிச் சட்டிக்குக் காவல் நின்ற சிப்பாய்

பெட்ரோல் புகையும் உறைந்த ரப்பர்ப் பாலின் புளித்த வாடையும் ஒன்றாய் மூக்கில் ஏறும்போதெல்லாம், பாடாங் மேஹாப் பக்கத்தில் எங்கள் தோட்டத் திடலுக்கு அரசாங்கத்துப் "படவண்டி" வந்த மாலை என் கண்முன் எழுந்து நிற்கிறது. மலாயாவில் காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளையர் அரசு அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி, வேலிக்கு ஒரே வாசல், அந்த வாசலில் துப்பாக்கியும் கையுமாக என் அப்பா. அரசாங்கம் அமர்த்திய தோட்டக் காவலர் அவர். "ஸ்பெஷல் கான்ஸ்டபிள்" என்ற பதவிப் பெயர் ஊரார் வாயில் "எஸ்சி".

வெள்ளைத் துணியில் அன்று தோன்றிய சிப்பாய்கள் ஆறு கடந்தார்கள், மலை ஏறினார்கள், குண்டடி பட்டும் சிரித்தார்கள். மறுநாள் விடியலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் புறப்பட்ட பெண்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னண்ணே, நேத்துப் படத்துல ஒங்களக் காணோமே?"

"அண்ணன் சட்டியத் தொறந்து மோந்து பாக்கறத எவன் லா படம் புடிப்பான்!"

சிரிப்பு அடங்குமுன் வாசல் சோதனையில் அம்மாவின் முறை வந்தது. காட்டில் பதுங்கியிருந்தவர்களுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாதென்று, ஒரு பருக்கைகூட வேலியைத் தாண்டலாகாது என்பது அன்றைய சட்டம், மீறினால் சிறை. வெறுங்கோப்பி மட்டும் போகலாம். அம்மாவோ பிள்ளைத்தாய்ச்சி. விடியலில் எது தின்றாலும் குமட்டும். வெயில் ஏறினால் பசியில் கண் இருட்டும். அப்படி மரத்தடியில் மயங்கி விழுந்ததில்தான் முந்தைய கரு கலைந்துபோயிருந்தது.

அப்பா மூடியைத் திறந்தார். உள்ளே கஞ்சி. அவர் முதுகுக்குப் பின்னால், கோலா கெத்திலிலிருந்து சோதனைக்கு வந்த போலீஸ் சார்ஜன். பிடித்துக் கொடுத்தால் அம்மாவுக்குச் சிறை, விட்டுவிட்டால் இருவருக்குமே.

"இது கேட்டைத் தாண்டாது" என்று சார்ஜனிடம் மலாயில் உரக்கச் சொன்ன அப்பா, அம்மாவிடம் திரும்பினார்.

"சட்டி இங்கயே இருக்கும். வெட்டு முடிஞ்சதும் உள்ள வந்து குடிச்சிட்டு, அப்புறம் போய்ப் பால எடு."

"வயித்துல வச்சுக் கொண்டு போனா பரவால்லையாண்ணே?" என்றாள் பின்னால் நின்றவள்.

"வயித்தத் தொறந்து பாக்க எனக்கு உத்தரவு இல்ல, தங்கச்சி."

சார்ஜன் அம்மாவின் வயிற்றைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றுமுதல் பிள்ளைத்தாய்ச்சிகளின் சட்டிகளெல்லாம் அப்பாவின் காலடியில் வரிசை பிடித்தன. வெட்டு முடிந்து பால் எடுக்குமுன் அவர்கள் ஒவ்வொருவராக வந்து, வேலிக்குள் நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்கள். "கேட்டுக் கஞ்சி" என்று அதற்கொரு பெயரும் நிலைத்தது. அவர்கள் வரும்வரை அரசாங்கத் துப்பாக்கியின் கட்டையால் சட்டியை மொய்க்கும் கோழிகளை விரட்டுவதே அப்பாவின் போர்.

மேடையேறி வாதிடப் பழகிய பெண்ணாகிய நான் இன்று அறுதியிட்டுச் சொல்வேன்: போர்ப் படங்களும் போர் நாவல்களும் கொன்றவனையும் மாண்டவனையும் கொண்டாடத் தவறியதில்லை, ஒருவரையும் சுடாமல் ஒரு லயத்தின் கருக்களைக் காத்தவனுக்கு அவற்றில் ஒரு காட்சியுமில்லை, ஒரு பக்கமுமில்லை.

அவசரகாலம் முடிந்து வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். வாசல் இருந்த இடத்தில் லாலான் புல் மண்டிக் கிடக்கிறது. "கேட்டுக் கஞ்சி" என்றால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. சென்ற வாரம் சுங்கைப்பட்டாணியில் போர்ப் படம் பார்த்துத் திரும்பிய என் பத்து வயதுத் தம்பி, அன்று அம்மாவின் வயிற்றிலிருந்தவன், விறகுக் கட்டையை அப்பாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டினான்.

"கையத் தூக்குங்க!"

அப்பா வெற்றிலையை அவசரமாய் விழுங்கிவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்.